செல்லும், ஆனால் வாங்க மாட்டோம்

உண்டியலை உடைத்து வங்கிக்குக் கிளம்புகிறவர் முதலில் பொறுக்கித் தள்ள வேண்டியது நாலணாக்களை. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. மாற்றிக்கொள்ளத் தந்த கெடு முந்தின நாளோடு முடிந்தது. எட்டணா இன்றும் செல்லும். இது ரிசர்வ் வங்கிக்குத் தெரியும், எட்டணாவுக்கும் தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத்தான் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி எட்டணாக்களாக 10 ரூபாய் வரை, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளுமாக 1000 ரூபாய் வரை கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம். கடன்காரன் வாசலில் மூட்டையைக் கொட்டிப் பழிதீர்க்கும் வழி அதோடு அடைபட்டது. வங்கிக் கணக்கில் போட இந்த வரம்பு கிடையாது. நூறு நூறாகப் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்தால் கேஷியருக்கும் வாடிக்கையாளருக்கும் வசதி என்று ரிசர்வ் வங்கியே யோசனை சொல்லியிருக்கிறது. எடை போட்டு வாங்கவும் இடம் உண்டு. ஆனாலும், பையைக் கண்ட மாத்திரத்தில் சர்வர் படுத்துவிடும் கிளைகள் இருக்கின்றன.

10 ரூபாய்க் காசின் கதை இன்னும் பரிதாபம். 15 கதிர்கள் இருந்தால் போலி, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் போலி என்று யாரோ கிளப்பிவிட, தமிழ்நாட்டு டீக்கடைகளில் அது தீண்டப்படாமல் கிடந்தது. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கியது. அதுவரை ஒன்றிரண்டைச் சந்தேகப்பட்டவர்கள், பதினான்கு இருப்பது தெரிந்ததும் பதினான்கையும் சந்தேகப்பட்டார்கள்.

நினைவு நாணயங்களில் சில சாதாரணமாகப் புழக்கத்துக்கே வந்தவை. 2009இல் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த 5 ரூபாய் அப்படிப்பட்டது. அதைக் கொடுத்து டீ குடித்தவர்கள் ஏராளம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக அடித்த 1000 ரூபாய் நாணயம் அப்படியல்ல. 35 கிராம் எடை, ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. சட்டத்தின் 1000 ரூபாய் வரம்பை ஒற்றைக் காசாகவே நிரப்பிவிடும். நாணயச்சாலை அதை விற்றதே முகமதிப்புக்கு மேல் விலை வைத்து. அதைக் கவுன்டரில் நீட்டி 1000 ரூபாய் வரவு வைக்கச் சொல்ல ஒருவருக்கு மிகுந்த சட்டப்பற்றும் கொஞ்சம் ஞாபகமறதியும் வேண்டும். கேஷியருக்கோ, கோயிலைக் கும்பிடுவதா, டிராயரில் போடுவதா என்ற குழப்பம்.

முகமதிப்பு என்ற பேச்சை எடுத்தாலே கோபித்துக்கொள்ளும் கட்சியும் உண்டு. வைஷ்ணோ தேவி உருவம் உள்ள 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்ற வாட்ஸ்அப் தகவலை நம்புகிறவர்கள் இவர்கள். லட்சம் தருகிறவர், முதலில் கமிஷனும் வரியும் கட்டச் சொல்வார். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. கமிஷனைக் கட்டி ஏமாந்தவர் கையில் மிஞ்சும் அந்த 5 ரூபாயை எந்த வங்கியும் 5 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும், சர்வர் எழுந்திருந்தால்.