ரிமோட் யார் கையில்?

ரிமோட் கார்களைப் பற்றிப் பேசும் தகுதி உலகத்தில் யாருக்காவது உண்டென்றால் அது காவிரி டெல்டாக்காரர்களுக்குத்தான். 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து நாங்களே ரிமோட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். பொத்தான் மேட்டூரில், வண்டி தஞ்சாவூரில். ஜூன் 12 அன்று அங்கே அழுத்தினால் (அழுத்துகிற வருஷங்களில்) கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று நாளாவது ஆகும். கடைமடைக்கு எப்போது வரும் என்பது கடைமடைக்காரர் ஜாதகத்தைப் பொறுத்தது.

ஆகவே அக்கா மகன் பிறந்தநாளுக்கு மூன்று குட்டி ரிமோட் கார்கள் வந்து இறங்கியபோது, எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் பஞ்சமே இல்லை. சம்பா அறுவடை முடிந்த நேரம். எல்லாருக்கும் கை காலி, வாய் அதைவிடக் காலி.

முதல் கார் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. ஆள்காட்டி விரல் நீளம். 64-ல் ஒரு பங்கு அளவு. ரிமோட்டோடு ஒட்டவைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். திருப்புவதற்கு உள்ளே ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான். ஆகவே முழு இடது அல்லது முழு வலது. கொஞ்சமாகத் திரும்புகிற பழக்கம் அதற்குக் கிடையாது.

இரண்டாவது, திருவிழாக் கடையில் அத்தை பேரம் பேசி வாங்கியது. ரிமோட்டில் இரண்டே பொத்தான். முன்னால் போனால் நேராகப் போகும். பின்னால் வந்தால் மட்டும் முன்சக்கரம் சாய்ந்துகொண்டு வளையும். அதாவது, திரும்ப வேண்டுமென்றால் முதலில் பின்வாங்க வேண்டும். “மனுஷனுக்கு வேண்டிய குணம்” என்று அத்தை மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாவது, சென்னையிலிருந்து மச்சான் வரவழைத்தது. தடித்தடியாக டயர், ஸ்பிரிங், 2.4 கிகாஹெர்ட்ஸ். விலையைக் கேட்டதும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காரைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்.

“பெல்ட் இல்லையா?”

“இது கார், மாமா.”

“டயர் வண்டி ஈரத்துல இறங்காதே. நாலு நாள் மழை பேஞ்சா இது எதுக்கு ஆகும்?”

கதிர் அறுக்கும் வண்டியை வாடகைக்குப் பிடிக்கிறவரிடம் பொம்மையைக் கொடுத்தால் இப்படித்தான். மணிக்கு என்ன வாடகை என்று கேட்காமல் விட்டாரே, அதுவே பெரிது.

வேகத்தை மச்சான் கணக்குப் போட்டுக் காட்டினார். விரலளவு கார் விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறது. மணிக்கு 3.6 கிலோமீட்டர், காபி குடித்துவிட்டு நடக்கிற வேகம். ஆனால் அளவு 64-ல் ஒன்று இல்லையா? 64-ஆல் பெருக்கினால் 230 கிலோமீட்டர்! கார் சிறுக்கச் சிறுக்க வேகம் கூடுகிற இந்தக் கணக்கு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அப்பா மட்டும் கேட்டார்: “அப்ப எறும்பை எத்தனையால பெருக்குவீங்க?”

அடுத்தது தூரச் சோதனை. கூடத்தில் ரிமோட், கொல்லையில் கார். எங்கள் வீட்டில் கூடம் தலைமடை, கிணற்றடி கடைமடை. விரலளவு கார் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டது. திருவிழாக் கார் கிணற்றடி வரை போயிற்று. ஆனால் நாங்கள் ஓட்டவில்லை. எதிர்வீட்டுப் பையனிடமும் அதே கார், அதே 27 மெகாஹெர்ட்ஸ். இந்த மலிவு ரிமோட்டுக்கு யார் கார் என்ற பேதமே தெரியாது; அதே அலைவரிசையில் கேட்கிற எல்லா வண்டியும் ஓடும். அவன் தெருவில் அழுத்த, எங்கள் கார் கொல்லையில் துள்ளியது. ஒரு மதகில் இரண்டு வயல் பாய்ந்தால் என்ன சத்தம் கேட்குமோ அது கேட்டது. மச்சானின் 2.4-ல் இந்த வம்பு இல்லை. ஒவ்வொரு ரிமோட்டும் தன் காருக்கு மட்டும் பட்டா போட்டுக்கொள்கிறது. அடுத்தவர் அழுத்தினால் அசையாது.

தரைச் சோதனைக்கு வாசலுக்கு வந்தோம். மொசைக் தரையில் மூன்றும் சிங்கம்தான். வாசலுக்கு வெளியே தார்ச்சாலை முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. பொன்னி நெல் ஒன்று சுமார் எட்டு மில்லிமீட்டர். 64-ஆல் பெருக்குங்கள்: அரை மீட்டர் நீளக் கட்டை! 230 கிலோமீட்டர் கார் முதல் நெல்மணியில் முட்டி மல்லாந்துவிட்டது. பூம்புகாரில் பிள்ளைகள் உருட்டிய குதிரையில்லாத மூன்று சக்கரச் சிறுதேரைக் கோழி விரட்ட எறிந்த பொற்குழை வழிமறித்தது என்று பட்டினப்பாலை சொல்கிறது. அவர்களுக்குத் தங்கம் தடை, எங்களுக்கு நெல். விலைவாசி அப்படி. திருவிழாக் கார் அச்சில் வைக்கோலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தது. தடி டயர் மட்டும் நெல்லின்மேல் ஏறி இறங்கிப் போயிற்று. அப்பா அதன் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்து, “ஈரம் பதினேழுக்கு மேல இருக்கும், இன்னொரு வெயில் காயணும்” என்றார். கொள்முதல் நிலையத்தில் இதற்கு மீட்டர் வைத்திருக்கிறார்கள்.

இதற்குள் பரணிலிருந்து பழைய ஆடிப்பெருக்குச் சப்பரத்தை அத்தை இறக்கிவிட்டார். உயரம் ஒன்றரை அடி. திருவாரூர் ஆழித்தேரின் 96 அடியை 64-ஆல் வகுத்தால் சரியாக ஒன்றரை அடிதான் வருகிறது என்று மச்சான் கண்டுபிடித்ததும் போட்டியில் நான்காவது வண்டியும் சேர்ந்தது. இதற்கு ரிமோட் கயிறு. தாமதம் இல்லை, குறுக்கீடு இல்லை, கயிறு உள்ளவரை தூரம். ஆனால் மூலையில் திரும்புவதற்குள் மல்லாந்தது. ஆழித்தேரே முட்டுக்கட்டை போட்டால்தானே திரும்புகிறது என்று அத்தை வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை.

ரிமோட்டை முதலில் கண்டுபிடித்தது யார் என்று பேச்சுத் திரும்பியது. 1898-ல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டியது காரை அல்ல, படகை என்றேன். அப்பா முகம் மலர்ந்தது. “விவரமான ஆள். தண்ணி வேணும்னு தெரிஞ்சிருக்கு.”

தீர்ப்பு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்தது. தடி டயர் காருக்கு இரண்டு பேட்டரி. இரண்டும் அக்கா மகன் வசம். அவன் தங்கைக்கு ஒரு முறை, எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு முறை, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று பெரியவர்கள் கூடி அட்டவணை போட்டோம். மீறினால் கேட்பதற்கு, 2018-ல் வந்த காவிரி ஆணையத்தைப் பார்த்து, அத்தை தலைமையில் ஓர் ஆணையமும் அமைத்தோம். ஆணையம் உத்தரவைப் படித்தது. பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“என் காருக்கே சார்ஜ் பத்தல, மாமா. மிச்சம் இருந்தா தர்றேன்.”

திண்ணையில் சத்தமே இல்லை. அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்: “நல்லா வருவான்டா இவன். ஆறு உற்பத்தியாகிற பக்கம் பொறந்திருக்க வேண்டியவன்.”