ரீசெட்டுக்குப் பின் ஆன்மா: ஹெப்பகோடியை முன்வைத்து ஒரு தருக்க விசாரணை

ஆய்வுப் பொருள்

கைபேசியை ரீசெட் செய்த பிறகும் ஒருவர் அவராகவே இருக்கிறாரா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. "நான்தான்" என்று அவர் சொல்வார். பெற்ற தாயும் அதையே சொல்வார். இவ்விரு சாட்சியங்களும் மின்னஞ்சல் கணக்கின் வாசலில் செல்லுபடியாவதில்லை. 'நான் யார்' என்று கேட்டுப் பார்க்கச் சொன்ன ரமணர் விடைக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. கைபேசி வைத்திருக்கிறது: 30 விநாடி.

ஆய்வுக் களம்

இவ்வினாவை எங்கிருந்தும் ஆராயலாம். ஆயினும் ஹெப்பகோடியைப் போல வாகான களம் அமைவது அரிது. பெங்களூருவின் தென்கோடியில், ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் சாலையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டி, மறுபக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட மஞ்சள் வழித்தட மெட்ரோவில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 16 நிலையங்கள். கடைசிக்கு முந்தையது இவ்வூர். நிலையத்தின் பெயர் 'பயோகான் ஹெப்பகோடி'. ஊர்ப்பெயர் மட்டும் போதாது, மருந்து நிறுவனம் ஒன்றும் கூட நின்று உறுதிசொல்ல வேண்டும் என்ற இரட்டைச் சரிபார்ப்பு இங்கே ரயில் நிலையத்துக்கே நடந்திருக்கிறது.

பிழைப்புக்காக வந்து தங்கிய வெளியூர்க்காரர்கள் இங்கே ஏராளம். ஆய்வின் பொருட்டு அவர்களில் ஒருவரைக் கற்பித்துக்கொண்டு 'க' என்று குறிப்போம். க தருமபுரிப் பக்கம். பொம்மசந்திரா ஆலையில் ஷிப்ட் வேலை. நாலு பேர் பங்கிடும் பி.ஜி. அறையில் ஜன்னலோரக் கட்டில். ஆதார் முகவரி தருமபுரியில், சிம் வாங்கியது ஓசூரில், சம்பளக் கணக்கு பெங்களூருவில், புகைப்படங்கள் கிளவுடில். ஆள் ஒரு கட்டிலில். ஆளுக்கான அத்தாட்சி நாலு திசையில். கைபேசி திணறத் தொடங்கவும் பக்கத்துக் கட்டில்காரர், "ரீசெட் அடி மச்சி, புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். ஆகிவிட்டது. இப்போது அதற்குக் க-வைத் தெரியவில்லை.

முன்னோடி வழக்குகள்

அசோகவனத்தில் சீதையிடம் அனுமன் நீட்டிய கணையாழி, 'கையில் உள்ள பொருள்' என்னும் வகைச் சான்று. பதிலுக்குச் சீதை கொடுத்தனுப்பிய சூடாமணி, மறுமுனையும் தன்னை மெய்ப்பிக்கும் முறை. காகத்தின் கதையையும் சொல்லி அனுப்பினாள். அது இருவர் மட்டும் அறிந்த செய்தி. ஆகவே பாதுகாப்புக் கேள்வி. மூன்றும் பிசகாமல் வேலைசெய்தன. கணையாழியை நடுவழியில் எவரும் ரீசெட் செய்யவில்லை என்பதே காரணம்.

நமக்கு நெருங்கிய வழக்கு திருவெண்ணெய்நல்லூரில் நடந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரிவாகப் பதிந்திருக்கிறார். திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர் ஒருவர், மணமகன் தனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். மணமகனாகிய சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். சபையார் மூலவோலையில் உள்ள பாட்டனாரின் எழுத்தை, காப்பில் இருந்த அவருடைய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நகல் ஓரிடம், மூலம் ஓரிடம், ஒத்துப்பார்க்க மாதிரி மூன்றாம் இடம். பேக்கப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் இவ்வழக்கு சொல்லி முடித்துவிட்டது.

ஆறு இலக்கத்தின் இயல்பு

க இழந்தது படியோலையை. ஆத்தென்டிகேட்டர் செயலியில் ஒரு கணக்கைச் சேர்க்கும்போது திரையில் க்யூஆர் கட்டம் ஒன்று தோன்றும். அதற்குள் இருப்பது ஒரு ரகசியச் சாவி. ஒரு பிரதி நிறுவனத்தின் சர்வரில், மறுபிரதி கைபேசியில். அதன்பின் குறியீட்டுக்காக இரு முனைகளும் பேசிக்கொள்வதே இல்லை. ஒரே சாவியையும் ஒரே நேரத்தையும் வைத்துத் தனித்தனியே கணக்குப் போட்டு, 30 விநாடிக்கொரு முறை ஒரே ஆறு இலக்க எண்ணுக்கு வந்து சேர்கின்றன. 2011இல் ஆர்.எஃப்.சி. 6238 என்ற ஆவணம் வகுத்த முறை இது. சிக்னல் இல்லாத காட்டிலும் எண் மாறிக்கொண்டே இருப்பது இதனால்தான். ரீசெட்டில் சாவி அழிந்தபின் அதே செயலியை மறுபடி இறக்கினால் கிடைப்பது வெற்றுத் திரை. சாவிகளைக் கணக்கிலேயே சேமித்துவைக்கும் வசதியைக் கூகுளின் செயலி 2023 ஏப்ரலில்தான் தந்தது.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கிலிருந்து இது ஓரிடத்தில் வேறுபடுகிறது. அங்கே உரிமை கேட்டு வந்தவரிடமே மூலவோலை இருந்தது. இங்கே மூலம் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. அவர்களை நம்பவைக்கத்தான் நமக்கு அது வேண்டியிருக்கிறது.

நால்வகைக் குற்றம்

வாதத்தில் நேரும் குற்றங்களாக ஆத்மாசிரயம், அன்னியோன்னியாசிரயம், சக்கரகம், அனவஸ்தை என்பவற்றைத் தருக்க நூலார் சொல்வார்கள். இவற்றுக்கு உதாரணம் தேடி உரைகாரர்கள் இனி அலைய வேண்டாம்.

ஆத்மாசிரயம் ஒன்று தன்னையே பற்றி நிற்பது. "உங்கள் கைபேசிக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம், அதில் 'ஆம்' என்பதைத் தட்டுங்கள்" என்கிறது திரை. எந்தக் கைபேசி? கையில் இருக்கும் இதே கைபேசி. கணக்குக்குள் நுழைந்தால்தான் அறிவிப்பு வரும். அறிவிப்பு வந்தால்தான் நுழையலாம்.

அன்னியோன்னியாசிரயம் ஒன்றையொன்று பற்றி நிற்பது. பழைய மின்னஞ்சலுக்கு மீட்பு முகவரி புதியது, புதியதற்குப் பழையது. கருவிகளிலும் இக்குற்றம் உண்டு. ஆப்பிள் 2013இலும் ஆண்ட்ராய்டு 2015இலும் கொண்டுவந்த பூட்டின்படி, துடைத்த கைபேசி முந்தைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கும். கணக்கோ கைபேசியைக் கேட்கும். திருடனை நிறுத்தக் கட்டிய வேலி இது. திருடன் கைபேசியை உதிரிபாகத்துக்கு விற்றுவிட்டுப் போய்விடுவான். வேலிக்கு வெளியே காத்து நிற்பவர் உரியவரே.

சக்கரகம் மூன்றும் அதற்கு மேலும் சுற்றி வருவது. கடவுச்சொல் இருப்பது பாஸ்வேர்டு மேனேஜரில். அதைத் திறக்கும் குறியீடு வருவது மின்னஞ்சலுக்கு. மின்னஞ்சல் கேட்பது ஆத்தென்டிகேட்டர் எண்ணை. அதன் சாவி சேமிப்பில் இருப்பது கணக்கில். கணக்கின் கடவுச்சொல் இருப்பது பாஸ்வேர்டு மேனேஜரில்.

அனவஸ்தை எங்கும் நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருப்பது. சிம்மையே மாற்றிப் பார்ப்போம் என்றால் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். நிறுத்திவைக்கப்படும். அது கடந்தால் வாட்ஸாப் ஆறு இலக்கப் பின் எண்ணைக் கேட்கும். அது மறந்துபோய், மீட்பு மின்னஞ்சலும் இல்லையென்றால் 7 நாள். மின்னஞ்சலின் மீட்பு மனுவுக்குத் தனிக் காத்திருப்பு. இடையில் மொபைல் கடைக்காரர் மட்டும் "ஓடிபி பந்தா, சார்?" என்று கன்னடத்தில் விசாரித்துக்கொண்டே இருப்பார்.

நினைவும் தலமும்

சொந்தப் பாதுகாப்புக் கேள்விக்குச் சொந்த விடை தெரியாமல் விழிப்பது க மட்டுமல்லர். 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, ஆங்கிலம் பேசும் அமெரிக்கப் பயனர்களில் 40 சதவீதம் பேருக்குத் தேவையான நேரத்தில் விடை நினைவுக்கு வரவில்லை. வேண்டுமென்றே பொய் விடை தந்ததாக ஒப்புக்கொண்டவர்களில் 37 சதவீதம் பேர், பிறர் யூகிக்கக் கூடாதென்றே அப்படிச் செய்தார்கள். விளைவு நேர்மாறு: அந்தப் பொய்களைப் பிறர் யூகிப்பது இன்னும் எளிதாயிற்று. நம் பக்கம் இன்னொரு நுட்பம் உண்டு. கணக்கைத் திறந்து கொடுத்தவர் பல வேளைகளில் கைபேசி விற்ற கடைப் பையன். பிறந்த தேதி அவன் விரல் போன போக்கில் 2000 ஜனவரி 1. க-வின் கணக்குக்கு உரியவர் க-வைவிட இளையவர் என்பது ஆவணத்தில் உள்ள செய்தி.

நினைவு கைவிட்ட இடத்தில் தலம் கைகொடுக்கிறது. வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயலுங்கள் என்பது கூகுள் தரும் அதிகாரபூர்வ அறிவுரை. ஆகவே க ஆர்.வி. ரோடு வரை மெட்ரோவில் போய் அங்கிருந்து கேட்பதைவிட, அதே பி.ஜி.யில், அதே வைஃபையில், அதே கட்டிலில் அமர்ந்து கேட்பதே சிலாக்கியம்.

இங்கே நம் வினாவின் முடிச்சு அவிழ்கிறது. ஒருவர் அவரே என்பதற்கான சான்று அவருக்குள் இருப்பதில்லை. அவருக்கு வெளியே, சாட்சிகளிடம் இருக்கிறது. வைஃபை, பழைய லேப்டாப், சர்வரின் கடிகாரம் எல்லாம் சாட்சிகள்தாம். க செய்ததெல்லாம், எல்லாச் சாட்சிகளையும் ஒரே கைபேசிக்குள் குடிவைத்துவிட்டு, அந்தக் கைபேசியைத் துடைத்ததுதான். மனிதச் சாட்சி கூடாதென்றிருந்த நிறுவனங்களும் மனம் மாறிவிட்டன. நம்பகமான ஒருவரை மீட்புத் தொடர்பாக வைத்துக்கொள்ளும் வசதியை ஆப்பிள் 2021இலும் கூகுள் 2025இலும் தந்தன. இதைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு மேல்முறையீட்டில் கிடைத்த வெற்றியாகக் கொள்ளலாம். யூ.பி.ஐ. செயலியும் திறக்காமல் டீக்கடையில் நிற்கும் க-வைப் பார்த்து, "நாளே கொடி" (நாளைக்குக் கொடுங்கள்) என்று கிளாஸை நீட்டுபவர் அச்சபையின் ஹெப்பகோடிக் கிளை.

முடிவுகள்

ஒன்று: ரீசெட்டுக்கு முன் ஆத்தென்டிகேட்டர் சாவிகளை வேறொரு கருவிக்கு மாற்றுக. மாற்றியபின் ஒருமுறை உள்ளே நுழைந்தும் பார்க்க.

இரண்டு: கூகுள் தரும் பத்து பேக்கப் குறியீடுகளையும் காகிதத்தில் எழுதுக. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறை மட்டுமே செல்லும். எழுதியதைப் படம் பிடித்து அதே கைபேசியில் வைப்பது ஆத்மாசிரயம்.

மூன்று: காகிதம் தருமபுரி வீட்டில், நிலப்பத்திரத்தோடு இருக்கட்டும். எண்ணை வாசித்துக் காட்டுமுன், கேட்பது மகன்தானா என்பதை அம்மா இரண்டு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் கணக்குத் திறந்த பையனுக்கு இவ்வுரிமை இல்லை.

நான்கு: மீட்புத் தொடர்பாக ஓர் ஆளைச் சேர்க்க. ஒரே அறையில், ஒரே யோசனையோடு இருப்பவர் இதற்கு ஆகார்.

காகிதத்தைக் கறையான் அரித்தால் என்செய்வது எனின், பத்துக் குறியீட்டையும் ஒரே தட்டில் அரிக்கும் கறையான் ஓசூர் சாலை நெடுகிலும் இல்லை. ரீசெட் பொத்தானோ எல்லார் சட்டைப்பையிலும் உண்டு என்க.