கொழும்புச் சம்பந்திக்கு ஒரு விண்ணப்பம்

மேன்மைதங்கிய நிதி அமைச்சின் சமூகத்துக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வூதியக்காரன் ஒருவன் அடிபணிந்து எழுதிக்கொள்வது.

போன கிழமை நகரில் ஒரு வாகன ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் குட்டி மின்சாரக் கார் ஒன்று நின்றது. எங்கள் மாட்டுக் கொட்டிலுக்குள்ளேயே அடங்கிவிடும். விலை கேட்டேன். பொடியன் விலை சொல்லவில்லை. என் சேட்டைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், பிறகு மெத்த மரியாதையாகக் கேட்டான்: "ஐயா, வெளிநாட்டிலை ஆர் இருக்கினம்?" ஒருத்தரும் இல்லை என்றேன். குளிரக் குளிர ஒரு சோடாவும், கம்பனிப் பெயர் பொறித்த சாவிக்கோர்வை ஒன்றும் தந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது, நான் போனது மாப்பிள்ளை பார்க்க.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திப் படலையைச் சாத்தி, ஐந்து வருடமாக மாப்பிள்ளைமாரை லேசில் உள்ளே விடாமல் எங்கள் குடும்ப மானத்தைக் காத்தீர்கள். 2025 பெப்ரவரியில் படலையைத் திறந்தபோது, சம்பந்தி என்ற முறையில் தாங்கள் கேட்டது அதிகமில்லை. காரின் பெறுமதியில் 20 வீதம் சுங்கத் தீர்வை, அது சீதனம். அந்தத் தீர்வையில் பாதி மிகைவரி. அது டொனேசன், மாப்பிள்ளையின் தங்கச்சிமாருக்கு. மோட்டரைக் கிலோவாட்டில் நிறுத்து அறவிடும் உற்பத்தி வரி நகை, பவுண் கணக்கு. எல்லாவற்றையும் கூட்டி அதன் தலையில் 18 வீதம் வற். அது கலியாணச் சாப்பாடு. இதிலும் என்னை மெய்சிலிர்க்க வைத்த இடம் ஒன்று உண்டு. ஒரு வயது தாண்டிய காருக்குக் கிலோவாட் வரி புதுசை விடக் கூட! இரண்டாந்தாரத்துக்குக் கூடச் சீதனம் கேட்கும் துணிவு எங்கள் ஊர்த் தரகர்மாருக்கே இன்னும் வரவில்லை.

சாதகம் பார்ப்பதிலும் தங்களை அடிக்க ஆளில்லை. 2025இல் வந்திறங்கிய சீனத்துப் பிவைடி மின்சாரக் கார்களைச் சுங்கம் மறித்தது. மோட்டர் 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்று கிரகம் பார்த்தது. விஷயம் நீதிமன்றம்வரை போய், வங்கி உத்தரவாதம் வைத்த பிறகுதான் மாப்பிள்ளைமார் வெளியே வந்தார்கள்.

நான் ஆசைப்பட்டது அவ்வளவு பெரிய இடமும் இல்லை ஐயா. யப்பானில் 2022இல் நிசான் சகுரா என்று ஒரு குட்டிக் கார் வந்தது. மோட்டர் 47 கிலோவாட். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 180 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை முப்பது சொச்சம் கிலோமீட்டர், வழியில் ஒரு மேடு கிடையாது. இரண்டு தரம் போய்வந்தாலும் சார்ஜ் மிஞ்சும். சீனத்து வூலிங் மினி 2020இல் வந்தபோது அங்கே அதன் விலை 28,800 யுவானில் தொடங்கியது. இவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அல்ல, கிளாக்கர் மாப்பிள்ளைகள். அவர்களுக்கும் டொக்டர் மாப்பிள்ளைச் சீதனமா?

எண்ணெயின் அருமையை எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தின் மீது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் நின்றது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல். அதைப் பொன்போலப் பொத்திச் சின்னப் போத்தலில் வைத்திருப்பார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் போனவளும் அந்தப் புகையைக் குடித்துக்கொண்டுதான் போனாள். 2022இல் முழு நாடுமே வரிசையில் நின்றது. வயதான மனுசர் வரிசையிலேயே விழுந்து செத்தார்கள். எண்ணெய் வாங்க டொலர் இல்லை என்று கையை விரித்தவர்கள், ஒரு சொட்டு எண்ணெயும் கேட்காத வண்டியை ஏழை தொட முடியாத விலைக்கு ஏற்றி வைத்திருக்கிறீர்கள். வெட்கமாயில்லையா?

மன்னிக்கவேண்டும். பிறஷர் கொஞ்சம் ஏறிவிட்டது. சம்பந்தி வீட்டாரோடு இப்படிக் கதைக்கப்படாது.

சீதனமில்லாக் கலியாணமும் இந்த நாட்டில் நடந்ததுதான். பாராளுமன்ற உறுப்பினர்கள் காலாகாலமாகத் தீர்வையற்ற பெர்மிட்டில் மாப்பிள்ளை எடுத்தார்கள். இனி அது இல்லை என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னீர்கள், புண்ணியமாய்ப் போகும். அங்கே மிச்சம்பிடிப்பதில் ஒரு துண்டை இந்தப் பக்கம் தள்ளிவிட்டால் என்ன?

எனவே என் தாழ்மையான வேண்டுகோள்: 50 கிலோவாட்டுக்கு உட்பட்ட குட்டிக் கார்களுக்கு நகையையும் டொனேசனையும் விட்டுத்தாருங்கள். சீதனத்தைத் தருகிறேன், சாப்பாட்டையும் போடுகிறேன். மாரி தொடங்கமுன் முடிவு சொன்னால் நல்லது. மனிசி ஸ்கூட்டரின் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வருகிறாள், காற்றுக்குக் குடை மறுபக்கம் மடிகிறது.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
பெண்வீட்டுக்காரன்

பி.கு.: மறுமொழியைத் தமிழில் அனுப்பவும். சிங்களத்தில் மட்டும் வந்தால், அதை வாசித்துக்காட்ட நான் வேறு ஒரு தரகர் பிடிக்கவேண்டும்.