ஒற்றைப் பங்கு முதலாளி

பங்குதாரர் பேனா மூடியைக் கழற்றினால் தட்டில் இருக்கிற மீன் ஆறிப்போகும். விஸ்கான்சினில் இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்த எவருக்கும் இவரைத் தெரியாமல் இருக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி, ஊருக்கு ஊர் இருக்கிற மதுக்கடைகளில் மீன் வறுவல். நம்மவர் கோப்பைக்கு அடியில் கிடக்கும் நாப்கினை உருவுவார். ஈரமான மூலையைக் கிழித்து எறிவார். நடுவில் நெடுக ஒரு கோடு. இடப்பக்கம் 'இருந்தால்', வலப்பக்கம் 'போனால்'.

இருப்பதும் போவதும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி எறிகிறவர், அணியின் பெரிய சம்பளக்காரர், பெரும்பாலும் வயது நாற்பதை எட்டிப் பார்ப்பவர். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாத மாசி பங்குனியில், பங்குதாரர் நாப்கினில் தீர்மானித்துவிடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு நாப்கின், வேறு தீர்மானம்.

பங்குதாரர் என்பது நான் கேலிக்கு வைத்த பெயர் இல்லை. மனிதர் மெய்யாகவே பங்குதாரர். அமெரிக்கக் கால்பந்து லீகில் 32 அணிகள். மற்றதெல்லாம் பணக்காரர்கள் கையில் இருக்க, பேக்கர்ஸ் மட்டும் ஊர்ச்சொத்து. ஒரு லட்சம் சொச்சம் ஜனங்கள் உள்ள ஊருக்கு எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம். 1923ல் தொடங்கி இதுவரை ஆறு தடவை பொதுமக்களுக்குப் பங்கு விற்றிருக்கிறார்கள். அதற்கு டிவிடெண்ட் கிடையாது. விலை ஏறாது. வெளியில் விற்க முடியாது. மிஞ்சிப்போனால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். லாபம் பார்க்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள் என்று விற்கிறவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படியும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். நம்மவர் 2011 டிசம்பரில் 250 டாலர் கட்டி ஒன்று வாங்கினார். மொத்தப் பங்கு 52 லட்சம்.

அந்தப் பத்திரம் கூடத்தில், டிவிக்கு மேலே, சட்டம் போட்டுத் தொங்குகிறது. கல்யாணப் போட்டோ குளியலறைக்குப் போகிற வழியில்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்பார், பொது மேலாளர் ஏதாவது செய்துவிட்டால். குரலில் கோபம் இருக்காது. தம்பி சொல்லாமல் நிலத்தை விற்றுவிட்ட அண்ணனின் வருத்தம்தான் இருக்கும். ஜூலையில் லாம்போ மைதானத்தில் நடக்கிற ஆண்டுக் கூட்டத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார். மற்ற நாளில் இஸ்திரிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. துவைக்காத ஜெர்சி, தலையில் மஞ்சள் சீஸ் துண்டு மாதிரித் தொப்பி, வானொலிக்கு போன் போட்டுக் காத்திருப்பது எல்லாம் அவரிடமும் உண்டு. அவற்றை நான் மன்னித்துவிட்டேன். கணக்கைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கணக்கு இதுதான். ஓர் அணி தன் வீரர்கள் பேரில் வருஷத்துக்கு இவ்வளவுதான் செலவு எழுதலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 'கேப்' என்பார்கள். 2023ல் அது 22 கோடியே 48 லட்சம் டாலர். ஒப்பந்தம் போடுகையில் தருகிற போனஸ் முன்கூட்டியே வீரர் கைக்குப் போய்விடும். ஆனால் பேரேட்டில் அதை ஐந்து வருஷம் வரை பிரித்து எழுதிக்கொள்ளலாம். நடுவில் ஆளை விற்றாலோ விலக்கினாலோ, எழுதாமல் நிற்கிற பாக்கி மொத்தமும் அந்த வருஷமே தலையில் விழும். ஜூன் 1 கழிந்து அனுப்பினால் ஒரு பகுதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். ஆளே இல்லாமல் பேரேட்டில் நிற்கிற இந்தத் தொகைக்கு 'டெட் மணி' என்று பெயர். குவார்ட்டர்பேக் ஏரன் ராஜர்ஸை 2023ல் அனுப்பிய வகையில் பேக்கர்ஸுக்கு இது 4 கோடியே 3 லட்சம் டாலர்.

மேலே உள்ள பத்தியைப் படித்து முடிக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பங்குதாரர் இதற்கு நாலு வருஷம் எடுத்துக்கொண்டார். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைப் பொறுக்குகிற 2020 டிராஃப்டில், ராஜர்ஸ் இருக்கும்போதே, 26வது இடத்துக்கு முந்திக்கொண்டு போய் ஜோர்டன் லவ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அன்றைக்குத் திறந்த பேனா. ராஜர்ஸ் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். நாப்கினின் இடப்பக்கம் நிரம்பியது. 2021 ஏப்ரலில், டிராஃப்ட் நடக்கிற அன்றே, அவருக்கு இங்கே திரும்பி வர இஷ்டமில்லை என்று செய்தி வந்தது. வலப்பக்கம் நிரம்பியது. 2022 மார்ச்சில் மூன்று வருஷத்துக்கு 15 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம். பங்குதாரர் கடைக்காரரிடம் இன்னும் நாலு நாப்கின் கேட்டார்.

2023 பிப்ரவரியில் ராஜர்ஸ் ஓரெகானில் ஒரு இருட்டறைக்குள் நாலு நாள் தனியாக உட்கார்ந்து தன் எதிர்காலத்தை யோசிக்கப் போனார். உலகமே சிரித்தது. நம்மவர் சிரிக்கவில்லை. "அவர் இருட்டில் யோசிக்கட்டும். இங்கே வெளிச்சத்தில் யாராவது கணக்குப் பார்க்க வேண்டாமா?" என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

இத்தனை கோடிகளை மனசிலேயே கூட்டிக் கழிப்பவர், பில் வந்ததும் தடுமாறுவார். மீன் இரண்டு தட்டு, முட்டைக்கோஸ் சாலட், அவருக்கு பிராந்தி ஓல்டு ஃபேஷன்டு இரண்டு, எனக்குக் காபி. "சரிபாதி போட்டுவிடலாம், சுலபம்" என்பார். டிப் வைக்கிற நேரத்தில் பேனா மூடி மூடியே இருக்கும்.

இவருடைய சரித்திரம் எனக்கு முந்தையது. அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். 2008 மார்ச்சில், அப்போதைய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் அழுதுகொண்டே ஓய்வு அறிவித்தார். 1992 செப்டம்பரிலிருந்து ஓர் ஆட்டம் விடாமல் இறங்கியவர். ஜூலையில் மனம் மாறித் திரும்பி வருகிறேன் என்றார். அதற்குள் மூன்று வருஷம் பெஞ்சில் காத்திருந்த ராஜர்ஸுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. ஊர் இரண்டாகப் பிளந்தது. பங்குதாரர் ஃபாவ்ர் கட்சி. "அந்தப் பையனை நம்பி மகாராஜாவைத் துரத்துகிறார்களே" என்று கொதித்து, ராஜர்ஸ் கட்சியில் இருந்த மைத்துனரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஃபாவ்ர் ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். அங்கிருந்து 2009ல், பேக்கர்ஸின் ஜென்மப் பகையான மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு. அந்த நவம்பர் 1ஆம் தேதி வைக்கிங்ஸ் உடுப்பில் லாம்போவுக்குள் நுழைந்தபோது, 'ஊ' என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்களில் மகாராஜா கட்சிக்காரரும் ஒருவர். வைக்கிங்ஸ் 38-26 என்று ஜெயித்தது. 2011 பிப்ரவரியில் 'அந்தப் பையன்' லீகின் சாம்பியன் பட்டமான சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தான். டிசம்பரில் நம்மவர் பங்கு வாங்கினார். மைத்துனர் வாங்கவில்லை, அது ஒரு தனித் திருப்தி.

2023ல் பாருங்கள். "இந்த லவ் பையனை நம்பி ராஜர்ஸைத் துரத்துகிறார்களே!" அதே வாக்கியம், அதே மதுக்கடை. பதினைந்து வருஷத்துக்கு முன் இதைத்தானே சொன்னீர்கள் என்று மனைவி கேட்டால், அது வேறு, அப்போது கேப் 12 கோடிகூட இல்லை என்பார்.

இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதற்கு என் அப்பா காரணம். ஊரிலிருந்து வந்திருந்தார். மாவட்டக் கருவூலத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். கால்பந்து என்றால் காலால் உதைப்பது என்று மட்டும் தெரிந்தவர். பங்குதாரர் அவரையும் விடவில்லை. நாப்கினை விரித்து, போனஸை ஐந்தாகப் பிரித்து, பாக்கியைக் கூட்டி, நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க ஒரு மணி நேரம். அப்பா பேசாமல் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏல, எழுதுறத எப்படியும் எழுதட்டும். ரொக்கம் எப்பம் வெளிய போச்சுன்னு கேளு."

கேட்டேன். பங்குதாரர் பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் அவரை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் போலிருக்கிறது. அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். பிறகு நாப்கினில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து 'ரொக்கம்' என்று தலைப்புப் போட்டார். அது இன்றுவரை நிலைத்துவிட்டது. என்னை ஒருநாளும் சௌக்கியமா என்று கேட்டதில்லை. "கருவூலக்காரர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்காமல் மட்டும் இருந்ததில்லை.

ராஜர்ஸை ஏப்ரலில் விற்றார்கள். அவரும் ஜெட்ஸுக்குத்தான் போனார், ஃபாவ்ர் போன அதே வழி. அந்த வியாபாரத்தில் ஒரு ஷரத்து: 2024ல் ஜெட்ஸ் தரவேண்டியது இரண்டாம் ரவுண்டு டிராஃப்ட் வாய்ப்பு, ராஜர்ஸ் அந்த சீசனில் ஜெட்ஸின் தாக்குதல் ஆட்டத்தில் 65 சதவீதம் களத்தில் இருந்துவிட்டால் அது முதல் ரவுண்டாக உயரும். ஒரு சீசனில் ஓர் அணிக்குச் சுமார் ஆயிரம் தடவை பந்து கைமாறும். அறுநூற்றைம்பது தேறினால் போதும். பங்குதாரர் நாப்கினிலிருந்து பதவி உயர்வு பெற்று, கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார்.

செப்டம்பர் 11, திங்கட்கிழமை ராத்திரி, அவர் வீட்டுக் கூடம். பத்திரத்துக்குக் கீழே டிவி. நியூ ஜெர்சி மைதானத்தில் ராஜர்ஸ் தேசியக் கொடியை ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். நோட்டு மடியில். முதல் பந்து, ஒரு கோடு. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் எதிரணியான பஃபலோவின் ஆட்டக்காரர் ஒருவர் ராஜர்ஸைப் பிடித்து வீழ்த்தினார். ராஜர்ஸ் எழுந்து நின்றார். பிறகு தானாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. அந்த சீசன் அவ்வளவுதான்.

நோட்டில் நாலு கோடு. ஐந்தாவது விழுந்தால்தான் குறுக்கே இழுத்துக் கட்டாகக் கட்ட முடியும். முதல் ரவுண்டு போயிற்றே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எழுந்திரு, எழுந்திருப்பா" என்று டிவியைப் பார்த்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெட்ஸ் அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 22-16 என்று ஜெயித்தது அவருக்கு மறுநாள் காலைதான் தெரியும்.

இவ்வளவு இளகிய மனசுக்காரர் மேல் எனக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். அவர் மனைவிக்கு இரண்டு வருஷமாக முழங்கால் வலி. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஜனவரியில் வாசல் பனியைத் தள்ளுவதும் அந்த அம்மாதான். குதிகால் தசைநாண் ஆறுவதற்கு எத்தனை மாதம், நாற்பது வயதில் எத்தனை, முப்பதில் எத்தனை என்று நோட்டில் அட்டவணை போட்டிருக்கிற ஆள், பக்கத்து நாற்காலியில் இருக்கிற முழங்காலுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கவில்லை. நான்தான் ஒருநாள் காரில் கூட்டிப்போனேன். இவர் கூட வந்தார். காத்திருப்பு அறையில் என்ன பேசினார் என்று நான் எழுத வேண்டியதில்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லவ் விஷயத்தில் அவர் சொன்னது எதுவும் பலிக்கவில்லை. முதல் வருஷமே பேக்கர்ஸ் பிளேஆஃபில் நுழைந்து, டல்லாஸை அதன் சொந்த மைதானத்தில் 48-32 என்று அடித்தது. 2025 அக்டோபரில், அதற்குள் பிட்ஸ்பர்க் அணிக்குப் போய்விட்ட ராஜர்ஸையே எதிர்கொண்டு 35-25 என்று லவ் ஜெயித்தார். அன்றைக்குப் பங்குதாரர் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டினார். கேட்டதற்கு, இரண்டு பேரும் நம் பிள்ளைகள்தானே என்றார். ஒரு நாள் முழுக்க நாப்கின் கேட்கவில்லை.

ஒரு நாள்தான். 2024 ஜூலையில் லவ்வுக்கு நாலு வருஷத்துக்கு 22 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். போனஸ் வழக்கம்போல் பிரித்து எழுதப்படுகிறது. போன வெள்ளிக்கிழமை பேனா திறந்துவிட்டது. இடப்பக்கம் 'இருந்தால்', வலப்பக்கம் 'போனால்', நடுவில் 'ரொக்கம்'. லவ் பிறந்தது 1998 நவம்பரில். இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. பில்லைச் சரிபாதி போட்டோம். டிப் நான் வைத்தேன்.