சரியும் சந்தையில் வீடு வாங்குதற்குரிய காலம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

1. சிக்கல்

வீட்டு விலை ஏறிக்கொண்டிருக்கும்போது ‘எப்போது வாங்குவது’ என்பதற்கு விடை எளிது: போன வருஷமே வாங்கியிருக்க வேண்டும். விலை இறங்கும்போதுதான் இக்கேள்வி ஆய்வுத் தகுதி பெறுகிறது. இன்று வாங்கினால் அடுத்த மாதம் இன்னும் இறங்கித் தொலைக்கும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டால் அன்றைக்கே ஏறத் தொடங்கும். இவ்விரு துயரங்களுக்கும் நடுவே ‘அடிமட்டம்’ என்றொரு புள்ளி உண்டென்பர் பொருளியலார். அதைக் கடந்தவர் பலர். கடக்கும்போதே அறிந்தவர் இலர். அதை முன்கூட்டி அறிய வழி காண்பதே இவ்வாய்வின் நோக்கம் என்க.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் மூலநூல் எனத்தக்கது கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் இருவர் பெயரால் வழங்கும் அமெரிக்க வீட்டு விலைக் குறியீடு. அதன்படி அந்நாட்டு விலைகள் 2006-இல் உச்சிக்குப் போய், கால் பங்குக்கும் மேல் சரிந்து, 2012-இன் தொடக்கத்தில் அடியைத் தொட்டன. அக்குறியீடோ மூன்று மாதச் சராசரி. வெளிவருவதோ இரண்டு மாதம் கழித்து. ஆகவே அடிமட்டம் வந்த சேதி நம்மிடம் வரும்போது அடிமட்டம் கிளம்பிப் போயிருக்கும். ஷில்லர் 2013-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அதுவரை வாங்காமல் காத்திருந்தவர் என்ன பெற்றார் என்பது ஈண்டு ஆராயப்படவில்லை.

டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டோபர் மேயர் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட கட்டுரையும் சுட்டத்தக்கது. 1990-களின் பாஸ்டன் நகர அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்த அவர்கள், வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேர்பவர் மற்றவரைவிடக் கூடுதல் விலை சொல்லிவிட்டு, விற்காத வீட்டோடு கூடுதல் காலம் உட்கார்ந்திருக்கிறார் என நிறுவினர். இதே முடிவு நம்மிடமும் உண்டு: “போட்ட காசுக்குக் கீழ எவன்டா விப்பான்?” (பெரிய மாமா, வாய்மொழி). பேராசிரியர்களுக்கு ஒரு நகரத்தின் பதிவேடுகள் தேவைப்பட்டன. மாமாவுக்கு ஒரு மெதுவடை.

3. களம்

சென்னை, பழைய மகாபலிபுரம் சாலை. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பர் பணமதிப்பு நீக்கம், 2017-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் என வரிசையாக வந்து இறங்கியபின், விலை விழுந்துவிட்டது என்பதில் அன்று ஊருக்குள் மாற்றுக் கருத்தே இருக்கவில்லை. விழுந்த விலையை நேரில் பார்த்தவர்தாம் அரியர்.

காரணம் இது. விளம்பரப் பலகையில் சதுர அடி விலை அசையாமல் நிற்கும். அதன் கீழே மாடுலர் கிச்சன் இலவசம், கார் பார்க்கிங் இலவசம், பதிவுச் செலவு எங்களுடையது, முந்துவோருக்குத் தங்கக் காசு. இதனை ‘வேடமிட்ட வீழ்ச்சி’ எனலாம். விலையை வெளிப்படையாகக் குறைத்தால், போன தீபாவளிக்கு முழு விலை கொடுத்த மூன்றாம் மாடிக்காரர் பில்டரிடம் சண்டைக்கு வருவார். சமையலறை அலமாரிக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

மாநில அரசும் இத்துறைக்குத் தன்னால் இயன்றதைச் செய்துள்ளது. பத்திரப் பதிவுக்கு அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பு சில தெருக்களில் சந்தை விலையையே மிஞ்சி நின்ற காலத்தில், 2017 ஜூனில் அம்மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது; கூடவே பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய உயரத்துக்கே ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கியது. இவ்விரண்டில் எது சலுகை, எது சுமை என்பது பற்றி ஆறு கட்டுரைகள் எழுதலாம். எவரேனும் பதவி உயர்வுக்கு எழுதியும் இருப்பர். நமக்கு வேண்டியது வேறு. பேரம் பேசி, வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைத்து வாங்கிவிட்டால், வித்தியாசத் தொகையை வாங்கியவரின் வருமானமாகக் கொண்டு அதற்கு வருமான வரி கேட்கிறது சட்டம். அடிமட்டத்தில் வாங்குவது திறமையா என்பதில் பொருளியலார் ஐயுறலாம். வருமான வரித்துறைக்கு ஐயமே இல்லை.

4. பஞ்சாங்கம்

ஆடியும் மார்கழியும் ஆகா. அஷ்டமி, நவமி ஆகா. முகூர்த்த நாள்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் தருவதால், கூட்டத்தில் ஆகாது.

5. புரோக்கர் குறியீடு

விலைப் பலகை பொய் சொல்கிறது, குறியீடு தாமதமாகச் சொல்கிறது, பஞ்சாங்கம் வேண்டாமென்றே சொல்கிறது. எஞ்சும் ஒரே நம்பகமான கருவி புரோக்கரின் கைப்பேசி.

உச்சத்தில் அவர் எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தால், “இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட உக்காந்திருக்கு, சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க” என்பார். சந்தை மந்தமானால் விட்ட அழைப்புக்குத் தாமே திரும்ப அழைப்பார். சரிவு தொடங்கினால் நாம் அழைக்காமலே அழைத்து, முதலில் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பார்.

நான்காம் நிலையில் காலை வணக்கப் படம் வருகிறது. இங்குதான் அறிஞர் இரு வழியாகப் பிரிவர். படமே சான்று என்பார் ஒரு சாரார்: ரோஜாவுடன் பிள்ளையார் எனில் மந்தம், மயிலுடன் முருகன் எனில் சரிவு, சாய்பாபாவும் அவர்க்குக் கீழே பொறுமை பற்றிய வாசகமும் எனில் கடுஞ்சரிவு (பெரிய மாமா, வாய்மொழி, வளசரவாக்கத் திருமணம், முதல் பந்தி). படம் பொருட்டன்று, அது வரும் நேரமே சான்று என்பார் மறு சாரார். காலை ஏழுக்கு வந்தால் மரியாதை; ஐந்துக்கு முன் வந்தால் அவர் தூங்கவில்லை என்று பொருள் (சின்ன மாமா, அதே பந்தி, எதிர் வரிசை; பெரிய மாமாவின் காதில் விழாதவாறு கூறியது).

மூன்றாவதாக ஒரு பாடச் சிக்கலும் உண்டு. படத்தின் மேல் ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்ற இரட்டை அம்புக்குறி இருப்பின், அது புரோக்கரின் சொந்த மனநிலையா அல்லது இடைச்செருகலா? மூலபாடம் எதுவென நிறுவ, ஒரே படத்தை அனுப்பிய மூன்று புரோக்கர்களையும் ஒப்பிட்டாக வேண்டும். அங்ஙனம் ஒப்பிட்டதில், மூவரும் ஒரே வீட்டைத்தான் விற்க முயன்றனர் என்பது தெரியவந்தது. ஒருவர் தேடிப் பிடித்ததை மற்றவர் அப்படியே எடுத்து, முன்னுரை மட்டும் புதிதாகச் சேர்த்துத் தம் பெயரில் அனுப்புவது புரோக்கர்களிடம் புதிதாகத் தோன்றிய வழக்கம் என ஏடு பதிப்பிப்போர் குறை கூறலாகாது.

படமும் நேரமும் முரண்பட்டால் எதைக் கொள்வது? காட்டாக, பிள்ளையார் அதிகாலை நாலே முக்காலுக்கு வந்தால்? “ரெண்டும் வேணாம், அவன் ஸ்டேட்டஸப் பாரு, ஊட்டி போட்டோ போட்டா வாங்காத” என்பது ஒரு தீர்வு (பெரிய மாமா, வாய்மொழி, மேற்படி திருமணம், ரசத்துக்கு முன், திருத்திய பதிப்பு). மோர் வந்தபின் அவரே இதை மறுத்ததாகத் தெரிகிறது. ஆயின் அப்போது அவர் வாயில் அப்பளம் இருந்தமையால் பாடம் தெளிவில்லை. அருகிலிருந்த சம்பந்தி ‘இன்னும் இறங்கும்’ எனக் கேட்டதாகவும், பரிமாறியவர் ‘இன்னும் ரெண்டு’ எனக் கேட்டதாகவும் கூறுவர். பின்னதே வலுவுடைத்து, இலையில் அப்பளம் விழுந்தமையின்.

இனி அடிமட்டம். ஒருநாள் படம் வாராது. மறுநாளும் வாராது. இரு வாரம் கழித்து அதே எண்ணிலிருந்து மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு செய்தி வரும். அன்றே அடிமட்டம் என்று துணியலாம். வாங்குதற்கு அதனினும் உகந்த நாள் இல்லை. நடைமுறையில் ஒரேயொரு இடர்: வீடு காட்டுவதற்கு அப்போது ஆள் இருப்பதில்லை.

6. ஏற்கப்படாத முடிவுகள்

சென்னையில் ஒரு வீட்டின் ஆண்டு வாடகை அதன் விலையில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். வீட்டுக் கடன் வட்டியோ பெரும்பாலும் 8-ஐச் சுற்றி நிற்கிறது. ஆகவே விலை இறங்குமட்டும் வாடகைக்கு இருப்பவன் பொறுமைக்குக் கொடுக்கும் விலை சொற்பமே. இம்முடிவு ஒரு தாளில் நாலு வரியில் கணக்குப் போட்டாலே கிடைத்துவிடுவதால், ஆய்வுத் தரம் கருதி நீக்கப்பட்டது.

அந்தச் சரிவில் உண்மையிலேயே வீடு வாங்கியவர்களையும் விசாரித்தோம். “ஹவுஸ் ஓனர் பையன் அமெரிக்காலேர்ந்து வர்றானாம், ரெண்டு மாசத்துல காலி பண்ணச் சொன்னாங்க” என்றார் ஒருவர். “பாப்பா ஸ்கூலுக்குப் பக்கமா இருந்துச்சு” என்றார் இன்னொருவர். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், கையில் இருந்த முன்பணம் ஆகியவற்றைப் பார்த்தார்களாம், அடிமட்டத்தைப் பார்க்கவில்லையாம். கருதுகோளே இல்லாமல் வாங்கியவர்கள் என்பதால் இத்தரவுகள் கணக்கில் கொள்ளப்படவில்லை.

நிதி பற்றிய அறிவிப்பு: இவ்வாய்வைத் தொடர ஒரு வங்கி பெருந்தொகை நல்க முன்வந்துள்ளது. இருபதாண்டுத் தவணை, மிதக்கும் வட்டி.