மட்கார்டோடு சமரசம்

வீல் ஸ்பேசர் எனப்படுவது காரின் சக்கரத்துக்கும், அது பூட்டப்படும் ஹப்புக்கும் இடையே செருகப்படும் அலுமினிய வட்டத் தகடாகும். சக்கரம் உள்ளொடுங்கி நில்லாமல் மட்கார்டின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும் என்று அரூர் இளைஞர் இயற்றும் தவத்துக்கு இத்தகடே வரமளிக்கிறது. பக்கத்துக்கு 20 மி.மீ. தகடு வைத்தால் இருபுறச் சக்கரங்களின் இடைவெளி 40 மி.மீ. கூடுவதோடு, சக்கரத்தைச் சுழலவிட்டுத் தாங்கும் பேரிங்கின் மீது நெம்புவிசையும் கூடுகிறது என்பது எடுத்துரைக்கப்படினும், அழகுக்கு முன் இயற்பியல் எடுபடுவதில்லை. சித்தேரி மலைப்பாதை வளைவில், பின்னிருக்கையில் மூன்று உறவினரும் டிக்கியில் ஒரு மூட்டையும் ஏறியிருக்க, வண்டி தாழ்ந்து டயர் மட்கார்டை உரசித் தன் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறது. கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பு டிராக்டரோ, தகடு ஏதுமின்றியே பாதிச் சாலையை நிரப்பிக்கொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிப்பதால், நான்கு சக்கரத் தகடுகளை ஒரு மாற்றமாகக் கொள்வதா, நான்காகக் கொள்வதா என்பது உரிமையாளர் மட்டுமே ஆர்வத்துடன் ஆராயத்தக்க கணக்காகும்.