ஒரு ஏக்கரும் ஒரு பத்திரமும்

கேள்வி: ஊர் கூடித் தேர் இழுக்கலாம், வறுமையை விரட்ட முடியுமா? (வாசகர், அய்யம்பாளையம்)

பதில்: வடம் பிடிக்க எல்லாரும் வந்தால் முடியும். உங்கள் பக்கத்துப் பட்டிவீரன்பட்டிப் பகுதியில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அதைக் கீழத்தஞ்சையில் செய்து காட்டினார். 1968-இல் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட மண் அது. 1981-இல் கணவரோடு தொடங்கிய ‘லாப்டி’ அமைப்பு மூலம் மிராசுதாரிடம் பேசி நிலத்தின் விலையைப் படியவைத்தார்; வங்கி கடன் கொடுத்தது, அரசு கைகொடுத்தது, நிலமில்லாத தலித் பெண்கள் விளைச்சலில் கடன் அடைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். பத்திரத்தில் பெண்ணின் பெயர். ஒரு ஏக்கரில் யார் பணக்காரர் ஆனார் என்பீர்கள். ஆகவில்லைதான். ஆனால் குதிரில் சொந்த நெல் இருந்தால், கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு தலைகுனிய வேண்டியதில்லை. ‘அரசே செய்யட்டுமே’ என்பதும் நியாயம்தான். நில உச்சவரம்புச் சட்டம் 1961-லேயே வந்தது. ஆனால் உச்சவரம்பைத் தாண்டிய நிலம் பினாமிப் பெயரில் ஒளிந்துகொண்டது; அந்த வயல் யாருடையது என்பது அதில் நாற்று நட்டவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.